ரீஃபண்டு வந்துருச்சா?

கல்யாணமான புதிதில் தம்பதியைப் பார்க்கிறவர்கள் எல்லாம் "ஏதும் விசேஷம் உண்டா?" என்று கேட்பார்கள். இன்கம்டாக்ஸ் ரீஃபண்டும் அந்த நிலைமைக்கு வந்துவிட்டது. ஆபீஸில் டீ நேரத்தில் ஒருத்தர் ஆரம்பிப்பார்: "உங்களுக்கு வந்துருச்சா?"

"இன்னும் இல்ல சார். உங்களுக்கு?"

"அண்டர் பிராசஸிங்."

மற்றவருக்கும் வரவில்லை என்று தெரிந்ததும் கேட்டவர் முகத்தில் ஒரு தெளிச்சி. மிச்ச வடையை நிம்மதியாகச் சாப்பிடுவார். பத்தே நாளில் வாங்கிவிட்ட புண்ணியவான் ஒருத்தர் எல்லா ஆபீஸிலும் உண்டு. அவர் எதுவும் பேசமாட்டார். சும்மா சிரித்துக்கொண்டு நிற்பார். அதுதான் தாங்காது.

ஊருக்குப் போனால் இந்தப் பேச்சு இருக்காது என்று நினைத்து 2025 தீபாவளிக்கு ஓடைப்பட்டிக்கு பஸ் ஏறினேன். தெரியாதவர்களுக்கு: தேனி மாவட்டத்தில், சின்னமனூருக்குப் பக்கத்தில், மேகமலை அடிவாரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். விதையில்லாத் திராட்சைக்குப் பேர் போனது. (கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கொடுத்துவிட்டார்கள். எங்கள் ஊரில் அந்தப் பேச்சை எடுக்காமல் இருப்பது நல்லது.)

திராட்சைக்கு இன்கம்டாக்ஸ் கிடையாது. விவசாய வருமானம் எதற்குமே மத்திய சர்க்காரின் வருமான வரி இல்லை. அப்படியிருக்க, பந்தலுக்கு அடியில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்திருந்த என் சித்தப்பா தலையைத் தூக்கி முதலில் கேட்டது:

"ஏப்பா, ரீஃபண்டுன்னா என்னாப்பா? அது எப்பப்பா வரும்?"

விசாரித்ததில் விஷயம் இது. நல்ல விலை போன வருஷங்களில் மிச்சம் பிடித்த 12 லட்ச ரூபாயை சித்தப்பா பேங்கில் டெபாசிட் போட்டிருக்கிறார். வருஷ வட்டி 84,000. பூமி கொடுத்த பணத்துக்குத்தான் வரி இல்லை. அந்தப் பணம் பேங்கில் படுத்துக்கொண்டு போட்ட குட்டிக்கு உண்டு. 2024-25-ல் அறுபது வயது தாண்டியவர்களுக்கு வட்டி 50,000-ஐத் தாண்டினால் பேங்க் பத்து சதவீதம் பிடித்தாக வேண்டும். (2025 ஏப்ரலிலிருந்து அந்த வரம்பை ஒரு லட்சமாக்கினார்கள்.) வருஷ ஆரம்பத்திலேயே 15எச் என்கிற பாரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால் பிடித்திருக்க மாட்டார்கள். சித்தப்பா கொடுக்கவில்லை. 8,400 ரூபாய் போச்சு. அதைத் திருப்பி வாங்கத்தான் ஆகஸ்டில் சின்னமனூர் பிரவுசிங் சென்டரில் ரிட்டர்ன் போட்டிருக்கிறார்.

"மெசேஜ் வந்துருக்கு. மருந்து டப்பா மாதிரி பூராம் இங்கிலீசு. என்னான்னு பாரு."

பார்த்தேன். 'ரீஃபண்டு ஃபெயில்டு.'

"ஃபெயிலா? எட்டாங்கிளாஸ்ல ஃபெயிலானேன். அதுக்கப்புறம் இதான்" என்றார் சித்தப்பா.

அவருக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்து விளக்கியதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். டிகிரி படித்து, டை கட்டி, ஏ.சி. ரூமில் உட்கார்ந்திருக்கிற என் சகாக்களும் இந்த மெசேஜ்களைப் பார்த்து இதே முழிதான் முழிக்கிறார்கள்.

ரிட்டர்ன் எங்கே போட்டாலும் அது போய்ச் சேருகிற ஊர் பெங்களூர். அங்கே மத்திய பிராசஸிங் சென்டர் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அதற்கென்றே தனி பின்கோடு, 560500. அந்த சென்டர் வருவதற்கு முன்னால் அந்தந்த ஏரியா ஆபீஸர் பேனாவைத் திறந்தால்தான் ரீஃபண்டு. செக்காகத் தபாலில் வரும், வீடு மாறியிருந்தால் திரும்பிப் போகும். 2019 மார்ச் 1 முதல் செக்கே கிடையாது. பான் எண்ணோடு சேர்த்து, முன்கூட்டி சரிபார்த்த பேங்க் கணக்குக்கு மட்டும்தான் பணம்.

பெங்களூரில் உங்கள் ரிட்டர்ன் யார் மேஜையில் கிடக்கிறது என்பதைத்தான் அந்த மெசேஜ்கள் சொல்ல வருகின்றன. தெளிவாகச் சொல்ல வரவில்லை, அவ்வளவுதான். வந்திருப்பது உட்கார்ந்து காத்திருக்க வேண்டிய மெசேஜா, எழுந்து போய் ஏதாவது செய்ய வேண்டிய மெசேஜா என்று பார்த்தால் போதும். பெரும்பாலானவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். காத்திருக்க வேண்டிய சமயத்தில் தினம் நாலு தடவை வெப்சைட்டைத் திறந்து பார்க்கிறார்கள். எழுந்து போக வேண்டிய சமயத்தில் காத்திருக்கிறார்கள்.

'சப்மிட்டட்' என்று மட்டும் இருந்தால் உடனே எழுந்திருக்கவும். ரிட்டர்ன் போட்டு 30 நாளுக்குள் ஆதார் ஓ.டி.பி. மூலமாகவோ வேறு வழியிலோ 'வெரிஃபை' செய்யவேண்டும். (2022 ஆகஸ்டுக்கு முன்னால் 120 நாள் கொடுத்திருந்தார்கள். நம்மாட்கள் 119-வது நாள்வரை செய்யவில்லை போலிருக்கிறது.) வெரிஃபை ஆகாத ரிட்டர்ன், கையெழுத்துப் போடாத செக். அதைப் போட்டுவிட்டு ஆறு மாசம் காத்திருந்து, சர்க்காரைத் திட்டிக்கொண்டிருந்த ஒரு எம்.பி.ஏ.வை எனக்குத் தெரியும்.

'அண்டர் பிராசஸிங்' என்றால் உட்காரலாம். எவ்வளவு நாள்? ரீஃபண்டு கொடுக்க 2013-ல் சராசரி 93 நாள் ஆனது, 2024-ல் 17 நாளாகக் குறைந்துவிட்டது என்று அதிகாரிகள் கணக்குச் சொன்னார்கள். 2024-25-ல் கொடுத்த ரீஃபண்டு மொத்தம் 4.77 லட்சம் கோடி ரூபாய். அத்தனை பேருக்கும் அத்தனை வேகத்தில் கொடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சராசரி மூணடி ஆழம் என்று நம்பி ஆற்றில் இறங்கினவர் கதை உங்களுக்குத் தெரியும். சட்டம் அவர்களுக்குக் கொடுத்திருக்கிற கெடு வேறு: ரிட்டர்ன் போட்ட நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதம். சித்தப்பா 2025 ஆகஸ்டில் போட்டார். அந்த நிதியாண்டு 2026 மார்ச்சில் முடியும். அதிலிருந்து ஒன்பது மாதம், ஆக 2026 டிசம்பர் 31. அதுவரை அவர்கள் அதைக் கையில் வைத்திருந்தால், சட்டப்படி அது தாமதமே இல்லை! நாம் ஒரு நாள் தவறினால் லேட் ஃபீஸ், அவர்கள் பதினாறு மாசம் எடுத்துக்கொண்டால் கெடுவுக்குள்.

பிராசஸிங் முடிந்ததும் 143(1) என்று ஒரு அறிவிப்பு மெயிலில் வரும். (1961-ம் வருஷச் சட்டத்தின் எண் இது. 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ம் வருஷப் புதுச் சட்டம் அமலுக்கு வந்து எண்கள் மாறினாலும், 2025-26 வரை சம்பாதித்ததற்குப் பழைய எண்தான்.) அதைத் திறக்க பாஸ்வேர்டு கேட்கும். பான் எண்ணைச் சின்ன எழுத்தில் அடித்து, பிறந்த தேதியை ஒட்டிப் போடவேண்டும். சித்தப்பாவுக்கு இதிலேயே அரை மணி நேரம். அவருக்கு மூன்று பிறந்த தேதிகள் உண்டு: அம்மாச்சி சொன்னது, ஹெட்மாஸ்டர் வைத்தது, ஆதாரில் ஏறினது. ஹெட்மாஸ்டர் வைத்ததில் திறந்தது.

உள்ளே பக்கம் பக்கமாக இருந்தாலும் ரெண்டே பத்தியைப் பார்த்தால் போதும். இடது பக்கம் நீங்கள் சொன்ன கணக்கு, வலது பக்கம் அவர்கள் போட்ட கணக்கு. ரெண்டும் ஒத்துப்போனால் பிரச்னை இல்லை. எந்த வரியில் மாறுகிறதோ அங்கேதான் உங்கள் தகராறு. பெரும்பாலும் கம்பெனியோ பேங்கோ பிடித்த வரியைக் கட்டினதாகக் காட்டாமல் விட்டிருக்கும். உங்கள் 26ஏஎஸ்-ல் அந்தத் தொகை ஏறாதவரை பெங்களூரில் யாரும் உங்கள் பேச்சை நம்பமாட்டார்கள். சண்டை போடவேண்டியது அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மென்டில்.

சித்தப்பாவுக்கு ரெண்டு பத்தியும் ஒத்துப்போயிருந்தது. அக்டோபரிலேயே பிராசஸிங் முடிந்து, வட்டி சேர்த்து 8,690 ரூபாய் தரலாம் என்று எழுதிவிட்டார்கள். பணம் ஸ்டேட் பேங்குக்குப் போய், அங்கிருந்து ஓடைப்பட்டி நோக்கிக் கிளம்பி, வாசல்வரை வந்து திரும்பிப் போயிருக்கிறது. காரணம், சித்தப்பாவின் பேர்.

பேர் என்றால் தமிழ்நாட்டுக்காரன் பேர். டெல்லியில் உட்கார்ந்து பாரம் அச்சடிக்கிறவர்களுக்கு அது கடைசிவரை புரியப்போவதில்லை. சித்தப்பா பேரை முருகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். (அசல் பேரைப் போட்டால் பந்தலுக்குள் விடமாட்டார்.) தாத்தா பேர் பழனிச்சாமி. பேங்க் பாஸ்புக்கில் 'பி. முருகன்'. ஆதாரில் 'முருகன் பி'. ரேஷன் கார்டில் வெறும் முருகன். பான் கார்டுக்கு எழுதும்போது இனிஷியல் போடக்கூடாது, குடும்பப் பேர் கட்டாயம் என்று பாரமே சொல்கிறது. குடும்பப் பேருக்கு எங்கே போவார்? 'முருகன் பழனிச்சாமி' ஆக்கிவிட்டார்கள். ஆக, சர்க்கார் கணக்குப்படி எங்கள் குடும்பம் பழனிச்சாமி குடும்பம். ஹெல்ப்லைனுக்கு போன் போட்டால் ஒரு பெண் மிகுந்த மரியாதையோடு "மிஸ்டர் பழனிச்சாமி" என்கிறாள்.

"அவுக செத்து முப்பது வருசம் ஆச்சு தாயி" என்று சித்தப்பா உருக்கமாகச் சொல்ல, அந்தப் பக்கம் பதறிவிட்டது. இறந்தவர் ரிட்டர்னுக்கு வாரிசு பதிவு செய்யவேண்டும் என்று அந்தப் பெண் ஆரம்பித்துவிட்டாள். போனைப் பிடுங்கிச் சமாளிக்க எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

வைத்தியம் ரொம்பச் சுலபம். அதற்குள் அலைச்சல்தான். பேங்குக்குப் போய் பான் கார்டு நகலோடு ஒரு கடிதம் கொடுத்து, கணக்கில் பான் ஏறியிருக்கிறதா, பேர் பான் கார்டில் இருக்கிற மாதிரியே இருக்கிறதா என்று சரிசெய்ய வேண்டும். பிறகு இன்கம்டாக்ஸ் வெப்சைட்டில் அதே கணக்கை மறுபடி 'வாலிடேட்' செய்து, ரீஃபண்டுக்கு இந்தக் கணக்குதான் என்று பக்கத்தில் இருக்கிற ஸ்விட்சைத் தள்ளவேண்டும். கடைசியாக, இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், 'ரீஃபண்டு ரீஇஷ்யூ' என்று ஒரு விண்ணப்பம். ஒருமுறை திரும்பிப் போன பணம், நீங்கள் வா என்று கூப்பிடாமல் வரவே வராது. மானஸ்தன்.

பேர் மட்டும் என்றில்லை. 2020-ல் பேங்குகளை ஒன்றோடொன்று இணைத்தார்களே, சிண்டிகேட் கனராவுக்குள், அலகாபாத் இந்தியன் பேங்குக்குள் என்று, அப்போது ஐ.எஃப்.எஸ்.சி. எண்கள் மாறின. பழைய எண்ணையே வைத்திருந்தாலும் ஃபெயில்தான். பானையும் ஆதாரையும் இணைக்காமல் விட்டவர்களுக்கு அதுவும் இல்லை. 2023 ஜூலை 1-லிருந்து அவர்கள் பான் செயலற்றது, ரீஃபண்டு கிடையாது. இணைத்துவிட்டு வரச் சொல்வார்கள், ஆயிரம் ரூபாய் கட்டணத்தோடு.

பணம் வந்தும் குறைந்து வந்தால்? சின்னமனூரில் ஒரு ரிடையர்டு வாத்தியார், அந்தக் காலத்தில் எனக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவர். 11,000 எதிர்பார்த்த இடத்தில் 3,800 வந்திருக்கிறது. என்றைக்கோ ஒரு பழைய வருஷத்துக்கு 7,200 பாக்கி என்று கணக்கில் தொங்கியிருக்கிறது. அதில் கழித்துக்கொண்டார்கள். 245-வது பிரிவு அதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் சும்மா கழிக்க முடியாது. முதலில் நோட்டீஸ் அனுப்பி, பதில் சொல்ல 21 நாள் தருகிறார்கள். ஒப்புக்கொள்ளவில்லை என்று அந்த வருஷத்து ஃபார்ம் 16-ஐ இணைத்திருந்தால் வாத்தியார் ஜெயித்திருக்கலாம். நோட்டீஸ் எங்கே போனது தெரியுமா? முதன்முதலாக ரிட்டர்ன் போட்ட பிரவுசிங் சென்டர் பையனின் மெயிலுக்கு! வாத்தியாருக்கு மெயில் ஐ.டி. இல்லை என்று தன்னுடையதையே போட்டிருக்கிறான். அவன் இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். உங்கள் அப்பா, மாமா, பெரியப்பா யாருக்காவது நெட் சென்டரில் ரிட்டர்ன் போட்டிருந்தால், கணக்கைத் திறந்து யாருடைய மெயில், யாருடைய போன் நம்பர் என்று ஒருமுறை பார்த்து வையுங்கள். (இந்த மாதிரிப் பொடிப் பழைய பாக்கிகளில் ஒரு பகுதியை 2024 பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்டில் தள்ளுபடி செய்தார்கள்: 2009-10 வரைக்கும் 25,000, அதிலிருந்து 2014-15 வரைக்கும் 10,000. வாத்தியாருடையது அதற்குப் பிந்தினது.)

இதுவரை சொன்னதெல்லாம் மாத்திரைக்கு அடங்கும் சமாசாரம். வயிற்றைக் கலக்குவது 'ஹோல்டு'.

சித்தப்பா மகன் சென்னையில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். வேளச்சேரியில் மாசம் 12,000 வாடகை. ரசீதை ஜனவரிக்குள் கம்பெனியில் கொடுக்காததால் வரியை முழுசாகப் பிடித்துவிட்டார்கள். பழைய முறையில் ரிட்டர்ன் போட்டு வாடகைப் படியைக் கழித்ததில் 43,000 ரீஃபண்டு வரவேண்டும். அந்தப் பணத்துக்கு ஊரில் வேலை காத்துக்கொண்டிருந்தது. ஐப்பசிக் காற்றில் பந்தலில் ஒரு வரிசைக் கல்தூண் சாய்ந்துவிட்டது. தூணை நிறுத்தி, கம்பியை இழுத்துக் கட்டினால்தான் கவாத்து வெட்ட முடியும். கவாத்து வெட்டி நாலு மாசத்தில் பழம். ஒரு மாசம் தள்ளினால் பழமும் ஒரு மாசம் தள்ளும், விலை அதற்காகக் காத்திருக்காது.

அவனுடைய ரூம்மேட் ஒருத்தன். அதே கம்பெனி, அதே சம்பளம். யாரோ ஒரு ஏஜெண்டு, பத்து சதவீதம் கமிஷன் என்று பேசி, பேர் தெரியாத ஒரு கட்சிக்கு நன்கொடை கொடுத்ததாகக் கணக்கு எழுதிக் கொடுத்திருக்கிறான். பன்னிரண்டாம் நாள் 60,000 ரூபாய் வந்துவிட்டது.

"உள்ளதச் சொன்னவன் உக்காந்திருக்கேன்ணே. அவன் பைக் எடுத்துட்டான்" என்றான் தம்பி போனில். குரலில் கோபமா அழுகையா என்று தெரியவில்லை. அந்த ஏஜெண்டு நம்பரை வாங்கி வைத்திருக்கிறானோ என்று எனக்கு ஒரு சந்தேகம். கேட்கவில்லை.

சித்தப்பா காத்திருக்கவில்லை. தெரிந்த இடத்தில் ரெண்டு வட்டிக்கு 40,000 வாங்கித் தூணை நிறுத்திவிட்டார்.

நாடு முழுக்க இந்தக் கதைதான். 2025 ஜூலை 14-ல் பொய்க் கழிவு எழுதிக் கொடுக்கும் ஏஜெண்டுகளைத் தேடி வருமான வரித் துறை 150 இடங்களில் இறங்கியது. தமிழ்நாடும் அதில் உண்டு. அதற்கு முந்தின நாலு மாசத்தில் ஏறத்தாழ 40,000 பேர் தாங்களாகவே 1,045 கோடி ரூபாய் பொய்க் கழிவை வாபஸ் வாங்கியிருந்தார்கள். நவம்பரில் நேரடி வரிகள் வாரியத் தலைவர் ரவி அகர்வால், தவறான கழிவு இருக்கலாம் என்று தோன்றும் ரீஃபண்டுகளை ஆராய்ந்து வருவதாகவும், மிச்சத்தை அந்த மாசமோ டிசம்பரிலோ கொடுத்துவிடுவதாகவும் சொன்னார். அப்புறம் டிசம்பரில் வந்தது அந்த மெசேஜ். 'ரிஸ்க் மேனேஜ்மென்ட்' முறையில் உங்கள் ரீஃபண்டு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது, கணக்கில் தவறிருந்தால் 31-ம் தேதிக்குள் திருத்திப் போடவும் என்கிற அர்த்தத்தில். வேளச்சேரி ரூமில் ரெண்டு பேருக்கும் வந்தது. பைக்காரனுக்கு, திருத்தச் சொல்லி மட்டும்.

ராத்திரி பதினோரு மணிக்கு போன். "அண்ணே, வாடகையே எடுத்துட்டுத் திருத்திப் போட்டுரவா? எதுக்குண்ணே வம்பு. 43,000 போனாப் போகுது."

கேட்டதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. பொய் சொன்னவனைப் பயமுறுத்த அனுப்பின மெசேஜ், உண்மை சொன்னவனைத்தான் முதலில் பயமுறுத்துகிறது. எந்தத் தொகையில் சந்தேகம் என்று அதில் ஒரு வரி தெளிவாக எழுதியிருந்தால் என்ன குறைந்துவிடும்?

"வாடகை எப்பிடிக் குடுத்த?"

"பேங்க்லதான் போட்டேன்."

"அக்ரிமென்ட்?"

"இருக்கு."

"வீட்டுக்காரர் பான் நம்பர்?" வருஷ வாடகை லட்சத்தைத் தாண்டினால் அது வேண்டும்.

"வாங்கிட்டேன். ஒரு மாசம் நடந்து வாங்கினேன்."

"அப்ப மூடிட்டுத் தூங்கு."

நானாகச் சொன்னதில்லை. டிசம்பர் 23-ம் தேதி வாரியமே விளக்கம் கொடுத்தது: கோரிய கழிவு சரியானது என்றால் நீங்கள் எதுவும் செய்யவேண்டியதில்லை. தம்பி எல்லாக் காகிதத்தையும் ஸ்கேன் எடுத்து வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தான். ரூம்மேட் கெடுவுக்கு முன்னால் நன்கொடையை எடுத்துவிட்டு, வாங்கின பணத்தை வட்டியோடு திருப்பிக் கட்டினான். கட்டாமல் பிடிபட்டிருந்தால், வருமானத்தைத் தவறாகக் காட்டியதற்கு வரியைப் போல ரெண்டு மடங்கு அபராதம் போட 270ஏ பிரிவு இருக்கிறது. ஏஜெண்டு கமிஷனைத் திருப்பித் தரவில்லை. போனே எடுக்கவில்லை.

இப்படி எல்லோரும் ரீஃபண்டை எதிர்பார்த்துப் பதற்றத்தில் இருக்கும்போதுதான் இன்னொரு கூட்டம் கடையை விரிக்கிறது. 'உங்களுக்கு 15,490 ரூபாய் ரீஃபண்டு அனுமதிக்கப்பட்டது, கணக்கு எண் தவறு என்றால் இந்த லிங்கைத் தொடவும்' என்று 2023-ல் ஊர் பூராவும் ஒரு மெசேஜ் சுற்றியது. சர்க்காரின் பத்திரிகை தகவல் அலுவலகம் அது போலி என்று அறிவித்தது. தொகை அவ்வப்போது மாறும், லிங்க் மாறும், வேலை ஒன்றுதான். இன்கம்டாக்ஸ்காரர்கள் ஓ.டி.பி.யோ, பின் நம்பரோ, கார்டு விவரமோ கேட்டு மெசேஜ் அனுப்புவதில்லை. நீங்களாக வெப்சைட்டைத் திறந்து உள்ளே போய்ப் பார்க்கிறதுதான் நிலவரம். சித்தப்பாவுக்கும் அந்த மாதிரி ஒன்று வந்தது. தொடவில்லை. "8,690-க்கே பேரு சரியில்லன்னு திருப்பி அனுப்புனான். இவன் பேரே கேக்காம 22,000 தாரேங்கான்" என்றார்.

பொங்கலுக்கு முன்னால் 'பழனிச்சாமி'க்குப் பணம் வந்தது. தம்பிக்கு பிப்ரவரியில், 43,000-மும் மேலே 2,365 ரூபாய் வட்டியும். சர்க்கார் நமக்குத் தருகிற வட்டி மாசம் நூற்றுக்கு அரை ரூபாய், அதாவது அரை வட்டி. கெடுவுக்குள் ரிட்டர்ன் போட்டிருந்தால் ஏப்ரல் மாசத்திலிருந்து கணக்கு. அதுவும் ரீஃபண்டு, கட்டவேண்டிய வரியில் பத்து சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் அந்த அரையும் இல்லை. நாம் அவர்களுக்குப் பாக்கி வைத்தால் ஒரு வட்டி. சித்தப்பா வாங்கினது ரெண்டு வட்டி. நாலு மாசத்துக்கு 3,200 கட்டி மூட்டை கட்டினார்.

அந்த 2,365 ரூபாயும் முழுசாகத் தம்பிக்கு இல்லை. ரீஃபண்டுக்கு வந்த வட்டி 'இதர வருமானம்'. பணம் கைக்கு வந்த வருஷத்து ரிட்டர்னில் காட்டி வரி கட்டவேண்டும். இருபது சதவீத ஸ்லாப்பில் செஸ் சேர்த்து 492 ரூபாய். காட்டாமல் விடலாமா என்று கேட்டான். அவனுடைய ஏ.ஐ.எஸ். என்கிற வருஷாந்தரத் தகவல் அறிக்கையைத் திறந்து காட்டினேன். அவனுக்கு முன்னாலேயே வட்டி அதில் ஏறி உட்கார்ந்திருந்தது. விட்டால் கணக்கு ஒத்துப்போகாது, அடுத்த வருஷ ரீஃபண்டு நிற்கும்.